ஊர்த்தெருவுக்குள் வந்த கார்

போன ஆடி மாதம் நடந்தது இது. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பொம்மைக் கம்பெனியில் காலமெல்லாம் மண் சுமந்தவர் என் அப்பா. முட்டி தேய்ந்துபோய், புதுச்சேரியில் ஆபரேஷன் செய்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து நானே என் காரில் கூட்டி வந்தேன். எங்கள் காலனியில் கார் ஓட்டும் முதல் பெண் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

வேப்பூர் ரோட்டிலிருந்து பிரிந்து காலனிக்குப் போக, ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும். அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது அப்பா காலத்து வழக்கம். இப்போது எங்கள் பையன்கள் பைக்கிலேயே போகிறார்கள். அப்பா மட்டும் அன்றுவரை இறங்கிவிடுவார்.

"நிறுத்தும்மா. எறங்கி நடந்து வரேன்."

"கால ஊனக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாருல்லப்பா?"

"தெருவு தாண்டுற வரைக்குந்தான். கோயிலாண்ட ஆளுங்க குந்தியிருப்பாங்க."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நிறுத்தாமல் தெருவுக்குள் காரை விட்டேன். இன்றைக்காவது அவர் உட்கார்ந்தபடி வீட்டுக்குப் போகட்டும் என்று பிடிவாதம்.

பாதித் தெருவில், பின்னாலிருந்து முனகல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பா சீட்டில் இல்லை. கீழே சரிந்து, சீட்டுகளுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடந்தார். மடக்கவே கூடாத காலை மடக்கி, துண்டால் தலையை மூடியிருந்தார். அங்கே நிறுத்தினால் இன்னும் ஒடுங்கிவிடுவார் என்று காரை விரட்டினேன்.

கோயில் பக்கம் நின்றிருந்த ஒருவர் தன் மாட்டை ஓரமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, போகச் சொல்லிக் கை காட்டினார். உள்ளே இருப்பது யாரென்று தெரிந்திருந்தாலும் வழி விட்டிருப்பாரா? எனக்குத் தெரியவில்லை.

வீட்டு வாசலில் இறக்கும்போது கட்டெல்லாம் ரத்தம். தையல் பிரிந்து, சீழ் வைத்து, மறுபடி ஆபரேஷன் ஆனது. இனி முன்போல் நடக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணே?" என்று அழுதேன்.

"என்னப் பாத்துட்டு ஒன்ன யாராச்சும் எதுனா சொல்லிட்டாங்கன்னா?" என்றார்.

காரை விற்கவில்லை, வேலைக்கு அதில்தான் போகிறேன். ஆனால், 'உங்க குடும்பம் எங்கேயோ போயிடுச்சு' என்று யாராவது பாராட்டினால், சீட்டுக்குக் கீழே தலையை மூடிக்கொண்டு கிடந்த அப்பாதான் கண்ணுக்குள் வருகிறார். அவரை அங்கிருந்து எழுப்பி உட்கார வைக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.