கேட்டுக்கு வெளியே

"எல்லாரும் விசில்தான் ஊதுறானுங்க, பிள்ளையப் பாக்குறவன் ஒருத்தனும் இல்ல" என்று லிஃப்ட் மெக்கானிக் புலம்பாத நாளில்லை. மனைவி போன பிறகு, மகளின் நீச்சல் பயிற்சிதான் அவருக்கு ஊரும் உலகமும். மூன்று கோச்சுகளை மாற்றிவிட்டார். நாலாவதாக வந்த பெண் கோச் ஒரு மணி நேரம் விசிலைத் தொடாமல், மகள் நீந்துவதையே பார்த்தார்.

"அண்ணே, ஒவ்வொரு தடவை சுவரைத் தொடும்போதும் உங்க மூஞ்சியத்தான் தேடுறா. நாளையிலேருந்து நீங்க கேட்டுக்கு வெளிய நில்லுங்க."

மெக்கானிக் அன்றே மகளை அவரிடம் சேர்த்துவிட்டார். மறுநாள் முதல், மகளை கேட்டில் விட்டுவிட்டு வீடு திரும்பினால், அவருடைய சாயங்காலங்களில் ஃபேன் சத்தம் மட்டும்தான்.

அக்கா போனில் சீண்டினாள்: "காவக்கார உத்தியோகமும் போச்சாடா? வேற கோச்சு பாரேன்."

"இன்னிக்கு ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்காம நீந்துனாளாம். இந்தம்மாதான் சரியான கோச்சு, போக்கா. போனை வை, துணி காயப்போடணும்."