மூடிக்குள் கீறிய சுழி

சிதம்பரம் எதைத் தொடங்கினாலும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்குவார். பரீட்சைத் தாளின் தலையிலும் அது இருக்கும், கடைக்கு எழுதிப் போகும் சாமான் துண்டிலும் இருக்கும். 1973இல் ஜெர்மனியின் ஹனோவரில், எங்கள் மாணவர் விடுதியின் நிலவறையில் தொலைக்காட்சி ஒளிபரப்புக் கருவி ஒன்றைச் செய்யத் தொடங்கியபோது, தகர மூடியின் உட்பக்கத்தில் ஆணியால் 'உ' என்று கீறினார். நான் பக்கத்தில் நின்றேன்.

கருவி தனியேலுக்காக. மூன்றாம் மாடியிலிருந்த ஆப்பிரிக்க மாணவர் அவர். அவருடைய நாட்டில் உள்நாட்டுப் போர். மலைப்பக்கத்தைப் பிடித்திருந்த கிளர்ச்சிக்காரர்கள், சிறையில் இன்னும் உயிரோடிருப்பவர்களின் பெயர்களை மாலைதோறும் தலைநகரத்து வீடுகளுக்கு வாசித்துக் காட்ட நினைத்தார்கள். அரசாங்கம் அந்தப் பட்டியலைத் தாய்மாருக்குக்கூடச் சொல்வதில்லை. சிதம்பரத்துக்கு அந்தக் காரணம் போதுமாக இருந்தது.

"எங்கட ஊரில ரிவியே இல்லை. நான் ஆரோ ஒருத்தரின்ர மலைக்கு ஸ்டேசன் கட்டுறன்," என்று சிரிப்பார்.

கூட வேலை செய்தவர் அவருடைய அறைத் தோழர் குருமூர்த்தி, கும்பகோணத்துக்காரர், ஆய்வு மாணவர். கம்பிச் சுருள்களில் பாதி அவர் சுற்றியவை.

"பெர்மிட் இல்லாம டிரான்ஸ்மிட்டர் பண்ணினா ஜெயில் சார்."

"ஜெயிலில சோறு குடுப்பாங்கள் எண்டால் போவம். இந்த உருளைக்கிழங்கு இனி ஏலாது."

பகிடி விட்டாலும் சிதம்பரத்துக்குப் பயம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் மனைவி சியாமளா காத்திருந்தார். கல்யாணமாகி மூன்று வருடம். சேர்ந்து இருந்தது இருபத்திரண்டு நாள். அவரை இங்கே கூப்பிடும் அன்ட்ராக், அந்த விண்ணப்பம், வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காகக் கிடந்தது.

தனியேல் அனுப்பிவைத்த கருவியால் மலை ஒளிபரப்பு பதினொரு வாரம் நடந்தது. பிறகு ராணுவம் மலையைப் பிடித்தது. திறந்த பெட்டியும் மூடியும் பத்திரிகையில் படமாக வந்தன. உள்ளேயிருந்த வால்வுகளின் எண்களைப் பிடித்துக்கொண்டு விசாரணை ஹனோவருக்கு வந்தது. வெளிநாட்டு மாணவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார்கள். மூடியில் கீறியிருந்த சுழியைப் பொலிஸார் இரண்டு என்ற எண்ணாக நினைத்திருந்தார்கள்; அது என்ன என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன்.

அடுத்த வாரம் சிதம்பரத்தைக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது, பதினான்கு நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்ற உத்தரவு கையில் இருந்தது. சியாமளாவின் அன்ட்ராக்கும் தள்ளுபடி. நேரே சமையலறைக்கு வந்தார். குருமூர்த்தி ரசம் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"மூர்த்தி, பொலிஸ்காரன் எனக்குப் பிள்ளையாரைப் பற்றிப் படிப்பிச்சான். முதல்ல அதைப் போட்டிட்டுத்தான் எதையும் தொடங்குறதாம். நான் சாமான் துண்டிலயும் போடுறனாம்."

குருமூர்த்தி திரும்பவில்லை. "என்னன்னு கேட்டாங்க சார். என் விசா எக்ஸ்டென்ஷன் ஃபைலை மேஜை மேல வெச்சுண்டு கேட்டாங்க. நான் என்ன பண்றது?"

"தெரியாது எண்டிருக்கலாமே ஐசே. அதுக்குப் பெரிய ஜெர்மன் ஒண்டும் தேவையில்லை."

ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. குருமூர்த்தி அடுப்பை அணைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "என் பேரைச் சொல்லிட்டீங்களா?"

சிதம்பரம் சொன்னார்: "ஆர் உதவினது எண்டு கேட்டவை. தனியத்தான் செய்தனான் எண்டு சொன்னன்."

"தேங்க்ஸ் சார்." குருமூர்த்தியின் முகம் தெளிந்தது. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதும் அசையாத சிதம்பரம், அந்தத் தெளிவைக் கண்டதும்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வரவேண்டாம் என்று சியாமளாவுக்கு எழுத என்னிடம் தாள் கேட்டார். கொடுத்தேன். வழக்கம்போல மேலே சுழி போட்டார். குருமூர்த்தி அவருக்கென்று ஒரு கோப்பைத் தேநீரோடு மேசைக்கு வந்தார்.

சிதம்பரம் சுழியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.