ஐந்து பேருக்கு ஒரே கோட்டு

கண்ணாடிக்கடை அக்காவை எங்கள் தெருவில் பாதிப் பேர் பட்டாளத்தம்மா என்றுதான் சொல்வார்கள். அவர் பரம்பரையில் யாரும் பட்டாளத்துக்குப் போனதில்லை. அவருடைய அப்பா, கதவு படாரென்று சாத்தினாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற ஆள். பட்டப்பெயர் வந்தது படங்களால்.

ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போனால் மற்றவர்கள் குக்கரோ குடையோ வாங்கி வருவார்கள். அக்கா யாருடைய தாத்தாவையாவது வாங்கி வருவார். எண்பது வருஷத்துக்கு முந்தைய போர்க்காலப் படங்கள். சீருடையில் விறைப்பாக ஒருவன், பக்கத்து நாற்காலியில் மனைவியோ அம்மாவோ, மடியில் கேமராவைப் பார்க்கவே மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட குழந்தை. இப்படி நாற்பத்தொரு குடும்பங்கள் அவர் வீட்டு நடையில் இரு பக்கமும் தொங்கின. குளியலறைக்குப் போக அந்த நடைதான் வழி.

பேருந்து ஓட்டும் அவர் கணவருக்கு இது பெரிய இம்சை. "துண்டைக் கட்டிட்டு வெளியே வந்தா ஊரே நின்னு பாக்குது. என் வீட்டுல எனக்கு வெக்கமா இருக்கு."

"அவங்கள்லாம் பெரிய சண்டையையே பாத்தவங்க. உங்க தொப்பையைப் பாத்தா பயந்துடப் போறாங்க?" என்பார் அக்கா.

கடையில் நாள் முழுக்க மூக்குக்கண்ணாடித் தேய்ப்பு வேலை. வில்லையில் இல்லாத கீறலைக்கூடக் கண்டுபிடிக்கிற கண் அவருக்கு. அந்தக் கண்தான் ஒரு சனிக்கிழமை வம்பை இழுத்துவிட்டது. வீட்டு நடையில் படச் சட்டங்களைத் துடைத்துக்கொண்டிருந்தவர், நெட்டையன் ஒருவனின் கோட்டில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் வெளுப்பாக இருப்பதைக் கவனித்தார். இடது பையின் மூடியில் கோணலாக ஒரு தையல். எங்கேயோ பார்த்த தையல். ஓடிப்போய் எதிர்ச் சுவரிலிருந்த குட்டையனைப் பார்த்தார். அதே பொத்தான், அதே கோணல். நெட்டையனுக்கு மணிக்கட்டுக்கு மேலே நின்ற கோட்டுக் கை, குட்டையனுக்கு விரலையே மூடியிருந்தது. அரை மணி நேரத்தில் ஐந்து பேர் சிக்கினார்கள். ஐந்து பேருக்கும் ஒரே கோட்டு, ஒரே ஸ்டூடியோ முத்திரை.

"ஏங்க, இவனுங்க யாரும் சிப்பாயே இல்லைங்க! கோட்டை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கிட்டு வேஷம் கட்டியிருக்கானுங்க!"

ஏழு வருஷம் தூசி தட்டி, தினமும் காலையில் வணக்கம்கூடச் சொல்லியிருக்கிறார் பாவம். ஐந்தையும் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றிவிட்டார். நியாயப்படி கணவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவரோ, "அந்த ஒல்லிப்பிச்சானை மட்டும் விட்டுடேன். குளிக்கப் போறப்ப அவன்கிட்ட நாலு வார்த்தை பேசுவேன்," என்றார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

முத்திரையிலிருந்த முகவரியைத் தேடி இருவரும் போனார்கள். ஸ்டூடியோ இன்னும் இருந்தது. இப்போது அங்கே பாஸ்போர்ட் படமும் ஜெராக்ஸும்தான். அந்தக் காலத்துப் படக்காரரின் மகன், எழுபது வயதுக்காரர், கல்லாவில் உட்கார்ந்திருந்தார். சிரிப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்பாரோ என்று நினைக்கவைக்கும் முகம்.

அக்கா ஐந்து படங்களையும் மேஜையில் பரப்பினார். "உங்க அப்பா ஊரை ஏமாத்தியிருக்கார்."

அவர் படங்களைக் கையில்கூட எடுக்கவில்லை. "உத்தரவு வந்ததும் மறுநாளே ரயிலேறணும். சீருடை அங்க முகாம்ல போய்த்தான் கிடைக்கும். ஆனா வீட்டுல இருக்கறவங்களுக்குப் படம் இன்னிக்கே வேணும், அதுவும் சீருடையில வேணும். அப்பா என்ன பண்ணுவாரு? ஒரு கோட்டு வாங்கி மாட்டி வெச்சாரு."

"அப்ப இவங்க நிஜமாவே போனவங்களா?"

"போனவங்கதான். கோட்டுதான் நிஜமில்ல. அது பேண்டு வாத்தியக்காரர் ஒருத்தரோடது."

கணவருக்குச் சிரிப்பு பீறிட்டது. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தில் குட்டையனின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பி வந்தாங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

கிழவர் எழுந்து, நாற்காலி போட்டு ஏறி, பரண்மேலிருந்து தகரப் பெட்டி ஒன்றை இறக்கினார். திரும்பி வந்தவர்களுக்கு அவர் அப்பா இலவசமாக இன்னொரு படம் எடுத்துக் கொடுப்பாராம், அவரவர் சொந்தச் சீருடையில். ஆளுக்கொரு பிரதியைத் தனக்கும் வைத்துக்கொள்வாராம்.

மதியம்வரை மூவரும் தலைகுனிந்து தேடினார்கள். ஒல்லிப்பிச்சானைக் கண்டுபிடித்தது கணவர். ஆள் இரண்டு சுற்றுப் பெருத்து, பொத்தான்கள் தெறிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான். "பாத்தியா, என்னை மாதிரியே ஆயிட்டான்!" என்று பெட்டியைத் தட்டிக் குதித்தார். அடுத்து நெட்டையன் கிடைத்தான், ஊன்றுகோலோடு. மூன்றாமவன் மடியில் புதுக் குழந்தையோடு.

குட்டையனும் இன்னொருவனும் கிடைக்கவில்லை. அக்கா பெட்டியின் அடிவரை இரண்டு முறை பார்த்தார்.

"வேற ஊர்ல தங்கிட்டிருப்பாங்க. அங்கயே கல்யாணம் கில்யாணம் பண்ணிக்கிட்டு," என்றார் கணவர்.

"பண்ணியிருப்பாங்க," என்றார் படக்காரரின் மகன், யாரையும் பார்க்காமல்.

திரும்பி வந்த மூவரின் பிரதிகளையும் அவர் உறையில் போட்டுக் கொடுத்தார். அன்று மாலையே ஐந்து குடும்பங்களும் பழைய ஆணிகளுக்குத் திரும்பின. மூன்று பேருக்குப் பக்கத்தில் ஜோடிப் படம். மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் அதே அளவு இடத்தை அக்கா சும்மா விட்டுவைத்தார்.

இப்போது சனிக்கிழமை காலைகளில் அக்கா அந்த ஸ்டூடியோவில்தான். பரணில் இன்னும் ஆறு பெட்டிகள் இருக்கின்றனவாம். கிழவர் முனகிக்கொண்டே நாற்காலியில் ஏறி இறங்குகிறார். அக்காவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடுவதாகச் சொல்லித்தான் கணவர் கிளம்புகிறார். போன வாரம் அவர் மதியச் சாப்பாட்டுக்கும் திரும்பவில்லை.