தோள் இறங்கிய கறுப்பு டி-ஷர்ட்

2024 ஜூலை 26, வெள்ளிக்கிழமை. ஆடி இரண்டாம் வெள்ளி என்பதால் வழக்கத்தைவிடச் சற்று முன்பே எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலமிட்டு, குளித்து, விளக்கேற்றினேன். எலுமிச்சை சாதம் கிளறி எனக்கும் மகளுக்கும் டப்பாவில் கட்டினேன். மகளை எழுப்பிவிட்டு, அடுத்த வீட்டிலிருக்கும் என் அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலுக்குப் போனேன். பங்காருபேட்டையில் ஏறிய கூட்டத்துக்கு நகர்ந்து இடம் விட்டேன். பெங்களூரில் அலுவலகத்தில் மாதக்கடைசி பில்களைச் சரிபார்த்தேன். திரும்பும் ரயிலில் உட்கார்ந்தபடியே தூங்கினேன்.

நான் இல்லாத நேரத்தில் மகளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவதும், மாலையில் வந்ததும் ஏதாவது தின்னக் கொடுப்பதும் அக்காதான். மகள் ஒன்றாம் வகுப்பு போனது முதல் அப்படி. இப்போது ஏழாவது படிக்கிறாள்.

இந்த ஜூனில் அவளைப் புதுப் பள்ளியில் சேர்த்தோம். மற்ற பெண்கள் எல்லோரும் அங்கேயே சின்ன வகுப்பிலிருந்து படித்தவர்கள். முதல் சில வாரங்கள் மதியச் சாப்பாடு பாதி அப்படியே திரும்பி வந்தது. தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லை என்று ஒருநாள் சொன்னாள். பிறகு டப்பா காலியாக வரத் தொடங்கியது. மூன்று பெண்கள் அவளைத் தங்களோடு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மூவரின் அம்மாக்களையும் எனக்குத் தெரியாது. ஆனாலும் ஆடி வெள்ளி விளக்கின் முன்னால் அந்தப் பெண்களுக்காகவும் கும்பிட்டேன்.

சனிக்கிழமை வகுப்போடு பேத்தமங்களா ஏரிக்குப் போவதாக இருந்தது. யூனிஃபார்ம் வேண்டாம். நால்வரும் ஒரே மாதிரி கறுப்பு டி-ஷர்ட் போடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். படம், எழுத்து எதுவும் கூடாது. தோள் தையல் கையின் பாதிவரை இறங்க வேண்டும். கை முழங்கையைத் தொட வேண்டும். உள்ளே இன்னொரு ஆள் நுழையலாம் போல் தொளதொளவென்று இருக்க வேண்டும். போன ஞாயிறு ராபர்ட்சன்பேட்டை பஜாரில், "பாப்பாவுக்கு இது பெரிசும்மா" என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவள், "அங்கிள், இதைவிடப் பெரிசு இருக்கா?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கொடுங்கள் என்றேன்.

வெள்ளி மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கட்டிலில் படுத்திருந்தாள்.

"வயிறு வலிக்குது. நாளைக்கு நான் போவல."

காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இல்லை. நாற்காலியில் டி-ஷர்ட் மடித்து வைத்திருந்தது. பிரித்துப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. இரண்டு பக்கமும் தோளும் பிடித்துத் தைத்து, கையை மடித்து, அவள் உடம்புக்கு அளவெடுத்தது போல் ஆக்கியிருந்தது.

"பெரியம்மா தச்சாங்களா?"

"ம். வந்ததும் போட்டுக் காட்டச் சொன்னாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"சூப்பரா கீது பெரியம்மான்னேன்." எழுந்து உட்கார்ந்தாள். "நீ ஒண்ணும் கேக்காதம்மா. மதியமெல்லாம் உக்காந்து தச்சிருக்காங்க, பாவம்."

"அதுக்கு நீ போவாம இருக்கணுமா?"

"மூணு பேரும் ஒரே மாதிரி வருவாங்க. நான் மட்டும் இதைப் போட்டுக்கினு போனா, இவ நம்ம செட் இல்லன்னு நெனைப்பாங்க. மறுபடி தனியா உக்காந்து சாப்பிடணும்."

வேறு வாங்கலாம் என்றால் பஜாரில் அந்த அளவில் இருந்தது அது ஒன்றுதான். நான் டி-ஷர்ட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அக்கா டிவி முன்னால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாடி, மூஞ்சி இப்படிக் கீது? ரயில்ல எடம் கெடைக்கலையா?"

"அக்கா, இது பெரிசாவே போடறதுக்கு வாங்கினது. இப்போ பொண்ணுங்க அப்படித்தான் போடுதுங்க."

"எப்படி? அரிசி மூட்டைல தலைய உட்டாப்பலயா?"

"அப்படித்தான்."

அக்கா கீரையைக் கீழே வைத்தாள். "அப்ப எங்கிட்ட சூப்பர்னாளே, கள்ளி!" முகம் சிறுத்துவிட்டது. "வளர்ற பொண்ணாச்சேன்னு நீ பெரிசா வாங்கியிருக்கேன்னு நெனச்சேன். நம்ம வீட்ல என்னிக்கு அளவா வாங்கினோம்?"

அவள் சொன்னது சரி. எங்கள் அப்பா இங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் எல்லா உடுப்பும் பெரிதாகத்தான் வரும். உள்ளே பிடித்துத் தைத்துப் போட்டுக்கொள்வோம். உடம்பு வளர வளர ஒவ்வொரு தையலாகப் பிரித்துவிடுவோம். நான் ஏழாவது படித்தபோது வகுப்பில் எல்லோருக்கும் பஃப் கை. என் சட்டையில் மட்டும் சாதாரணக் கை. அக்கா அவளுடைய பழைய பாவாடை விளிம்பை எடுத்து, சுருக்கு வைத்து, எனக்குப் பந்து போலக் கை தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு போன அன்று யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அதுதான். இதை அக்காவிடம் சொன்னேன்.

"அது ஃபேஷன். இது மூட்டை," என்றாள். ஆனால் பிளேடைத் தேடி எழுந்துவிட்டாள்.

"துணிய வெட்டிட்டியாக்கா?" அதைத்தான் கேட்கப் பயந்துகொண்டிருந்தேன்.

"நான் என்னிக்குடி துணிய வெட்டினேன்? எல்லாம் உள்ளதான் கீது."

திருப்பிக் காட்டினாள். வெட்டாத துணி இரண்டு பக்கமும் அப்படியே மடிந்திருந்தது. அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தையலைப் பிரித்தோம். எங்கள் பேச்சுச் சத்தம் கேட்டு மகள் வந்து வாசலில் நின்றாள்.

"வாடி சூப்பர்," என்றாள் அக்கா. "பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லு. நான் இன்னா உன்ன கடிச்சா துன்னப்போறேன்?"

மகள் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, உதிர்ந்த நூல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அக்கா கடைசித் தையலைப் பிரித்து டி-ஷர்ட்டை உதறி, தன் மேலேயே வைத்துப் பார்த்தாள். அவளுக்கே கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"ஏன்டி, நானும் இதுக்குள்ள பூந்துக்கினு பேத்தமங்களா வந்துடவா? டிக்கெட் மிச்சம்."

"வாங்க பெரியம்மா. ஆனா போட்டோல சிரிக்கக் கூடாது. நாங்க யாரும் சிரிக்க மாட்டோம். அதான் ஸ்டைல்."

"அய்யோ, அது என்னால ஆவாது."

மகள் அன்று இரவு இரண்டு தோசை சேர்த்துச் சாப்பிட்டாள். வயிற்று வலியைப் பற்றி நான் கேட்கவில்லை. அக்கா மட்டும் பக்கத்தில் இல்லையென்றால் நான் இந்த வேலைக்குப் போயிருக்கவே முடியாது. இந்தப் பெண்ணுக்குப் பெரியம்மாவின் மனம் நோகக் கூடாது என்று தோன்றியிருக்கவும் முடியாது. இரண்டையும் நினைத்துக்கொண்டு படுத்தேன்.

சனிக்கிழமை காலை எழுந்ததும் முதல் வேலையாக டி-ஷர்ட்டின் மேல் ஈரத்துணி போட்டு இஸ்திரி தேய்த்தேன். ஊசித் துளைகள் பெரும்பாலும் மூடிக்கொண்டன. இடது அக்குளுக்குக் கீழே மட்டும் விரல் நீளத்துக்குக் கொஞ்சம் தெரிந்தது. மகளிடம் காட்டினேன். "இருக்கட்டும்மா," என்று வாங்கி, சூடு ஆறுவதற்குள் தலைவழியே போட்டுக்கொண்டாள்.