கடலை அளக்கப் போன சேவையர்

மன்னார்த் தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிறேன். வீடு பெருநிலப்பரப்பில், வயல்களுக்கு நடுவே. காலையில் பாலம் கடந்து தீவுக்குள் வருவேன், பின்னேரம் திரும்பிப் போவேன். ஆங்கில ரீச்சர் என்றால் இங்கே எல்லாருக்கும் சொந்தம். விசாப் படிவம் நிரப்புவதற்கும், கனடாவிலிருந்து வந்த மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கும் என்னைத்தான் தேடி வருவார்கள். அதனால் ஓலைத்தொடுவாய்ப் பக்கம் கடற்கரையில் விடுதி நடத்துகிறவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது, இதுவும் அப்படி ஒரு சின்ன வேலைதான் என்று நினைத்தேன்.

"ரீச்சர், சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வரேலுமோ? லண்டனிலயிருந்து நாலு பாட்டுக்காரர் வந்து நிக்கினம். ஊர்ச் சனத்தைக் கூப்பிட்டு வாசிக்கப் போகினமாம். நீங்கள்தான் மொழிபெயர்க்க வேணும்."

"பாட்டை எப்பிடி மொழிபெயர்க்கிறது?"

"பாட்டை இல்லை. இடைக்கிடை ரெண்டு வார்த்தை கதைப்பினம். வணக்கம், நன்றி. அவ்வளவுதான்."

விடுதிக்காரர் லண்டனில் நீண்ட காலம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அங்கே அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பேஸ் கிட்டார் வாசிப்பவர். எழுபதுகளில் 'புரோகிரசிவ் ரொக்' என்ற ஒரு வகை இசை இங்கிலாந்தில் ஓகோவென்று இருந்ததாம். ஒரு பாட்டு மூன்று நிமிடத்தில் முடிய வேண்டும் என்ற சட்டத்தை உடைத்து, இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம் என்று நீட்டி, அதற்குள் ஒரு முழுக் கதையையே வைத்துப் பாடுவார்களாம். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் அப்படிப் பாடிய ஒரு குழுவில் இருந்தவர்; அதில் உயிரோடு இருக்கும் நால்வரும் இரண்டு கிழமை ஓய்வுக்கு மன்னாருக்கு வந்திருந்தார்கள். ஒருவரும் எழுபதுக்குக் குறைவில்லை. கிட்டார் இரண்டும் கையோடு வந்தன. டிரம்ஸையும் கீபோர்டையும் மன்னார் ரவுனில் கலியாண வீடுகளுக்கு வாசிக்கிற ஒரு குழு இரவல் கொடுத்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விடுகிற நேரம் விடுதியிலிருந்து மூன்று தாள்களைக் கொண்டுவந்து தந்தார்கள். பாடகர் கொடுத்தனுப்பியது. மூன்று தாளும் சேர்ந்து ஒரே பாட்டு. மேலே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: 'பாடுவதற்கு முன் கதையைச் சொல்வேன். தயவுசெய்து ஒன்றையும் விட்டுவிடாதீர்கள்.'

அன்று பின்னேரம் முழுக்க அந்தத் தாள்களோடு மேசையில் இருந்தேன். வரிக்கு வரி மேலே பென்சிலால் தமிழ் எழுதினேன். என் கணவர் வயலால் வந்து எட்டிப் பார்த்தார்.

"இதென்ன, காணி வழக்கோ?"

"பாட்டு. ஒரு ராசா தன்ர கடல் எவ்வளவு பெரிசு எண்டு அறிய ஒரு நில அளவையாளரை அனுப்புறார். அவர் நாற்பது வருசம் அளக்கிறார்."

"அப்ப காணி வழக்குத்தான்" என்றார்.

அவர் வர விரும்பவில்லை. காலபோக நெல் விளைந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை அறுவடைக்கு வெட்டு மெசின் வருவதாக ஏற்பாடு. ஆனால் சனிக்கிழமைப் பின்னேரம் எனக்கு பஸ் பிடிப்பது வில்லங்கம். ஆகவே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். "உம்மை இறக்கிப்போட்டு வாசலில நிப்பன்" என்றவர், உள்ளே மின்விசிறி சுற்றுவதைக் கண்டதும் கடைசி வரிசையில் ஒரு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

விடுதியின் சாப்பாட்டுக் கூடம் அது. கிடுகுக் கூரை, மூன்று பக்கமும் திறப்பு, நான்காவது பக்கம் சமையலறைச் சுவர். மேசைகளை வெளியே தூக்கி வைத்துவிட்டு நாற்பது கதிரை போட்டிருந்தார்கள். மேடை இல்லை. முதல் வரிசையில் இருப்பவர் கையை நீட்டினால் டிரம்ஸின் பித்தளைத் தட்டில் படும். கடற்கரைக் குடும்பங்கள், விடுதியில் வேலை செய்கிறவர்கள், மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து ஏழெட்டுப் பெண்கள், விடுதிக்குச் சாமான் கொடுக்கிற முஸ்லிம் கடைக்காரர், அவருடைய மனைவி என்று எல்லாக் கதிரையும் நிறைந்திருந்தது.

நால்வரும் சமையலறைக் கதவால் வந்தார்கள். பாடகர் நெட்டையர், வெள்ளை முடியைப் பின்னால் கட்டி, தோளில் ஒரு கிட்டாரை மாட்டியிருந்தார். கீபோர்ட்காரர் கழுத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடி தொங்கின. பேஸ்காரர் எல்லாருக்கும் தலையாட்டினார். டிரம்ஸ்காரர் இடுப்பில் அகலமான பட்டி ஒன்றைக் கட்டி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். எனக்கு ஒரு பக்கத்தில் கதிரையும் மைக்கும் தந்தார்கள்.

பாடகர் கதையைச் சொல்லத் தொடங்கினார். நான் தமிழில் சொன்னேன்.

"ஒரு ராசா ஒரு நில அளவையாளரைக் கூப்பிட்டு, கடலை அளந்து வா எண்டு சொல்லுறார்."

"ஆர், சேவையரோ?" என்று ஒரு குரல் கேட்டது. முன் வரிசையில் இருந்த படகுச் சொந்தக்காரர். அறுபது வயதிருக்கும், வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட்.

"ஓம், சேவையர்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. எங்கள் பக்கத்தில் சேவையர் வந்தாரென்றால் இரண்டு வீட்டுக்கு ஆறு மாதம் பேச்சுவார்த்தை இருக்காது. பாடகர் என்னைப் பார்த்தார். ஏன் சிரிக்கிறார்கள் என்று விளக்கினேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தப் பாட்டுக்கு இந்த இடத்தில் ஒருத்தரும் சிரித்ததில்லை என்றார்.

சேவையர் கரையில் முளை அடிக்கிறார், அலை பிடுங்கிக்கொண்டு போகிறது. கயிறு பிடிக்கிறார், காற்று அறுத்துவிடுகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தேன். படகுக்காரர் கையை உயர்த்தினார்.

"ரீச்சர், கடலை ஏன் முளை அடிச்சு அளக்கிறார்? நாங்கள் பாகத்திலதானே அளக்கிறது. ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம். கயிற்றில ஈயத்தைக் கட்டி விட்டால் எத்தினை பாகம் எண்டு சொல்லிப்போடலாம். அந்தாளுக்கு இதைச் சொல்லிக் குடுக்க ஒருத்தருமில்லையோ?"

இதை ஆங்கிலத்தில் சொன்னேன். நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கீபோர்ட்காரர், "அப்படியென்றால் பாட்டு இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்" என்றார். அதையும் தமிழில் சொன்னேன். இன்னொரு சிரிப்பு.

பிறகு கோயில் பாடகர் குழுப் பெண் ஒருவர் கேட்டார். "நாற்பது வருசம் வீட்டை வராத மனிசன், மனிசிக்கு என்ன சொல்லிப்போட்டுப் போனவர்?"

பாடகர் சற்று யோசித்தார். "இதை எழுதும்போது எனக்கு இருபத்துமூன்று வயது. எனக்கு மனைவி இல்லை. அதனால் அவருக்கும் மனைவி இல்லை."

"இப்ப இருக்கோ எண்டு கேளுங்கோ ரீச்சர்."

கேட்டேன். "இப்போது மூன்றாவது" என்றார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு வார்த்தை வணக்கத்துக்கும் நன்றிக்கும் என்று வந்தவள், அதற்குள் அரை மணித்தியாலம் நின்றபடியே கதைத்துவிட்டேன்.

பிறகு வாசித்தார்கள். இதை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இளமையில் நான் கேட்ட ஆங்கிலப் பாட்டுகள் எல்லாம் றேடியோவில் வந்தவை, ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போய்விடும். இது அப்படி இல்லை. கிட்டாரும் கீபோர்டும் முதலில் மெதுவாக, மழை தொடங்கும்போது தகரத்தில் விழுகிற துளி போல வந்தன. பிறகு டிரம்ஸ் சேர்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அதே மனிதரா என்று பார்த்தேன். கைகள் இரண்டும் வேறு யாருடையவோ போல ஓடின. தாளம் நாலில் நிற்கவில்லை, ஏழில் போனது. கோயில் பாடகர் குழுப் பெண்கள் கை தட்டத் தொடங்கி, தவறவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்து, விரலில் எண்ணத் தொடங்கினார்கள். அவ்வளவு கிட்டத்தில் இருந்ததால் பேஸ்காரரின் விரல் கம்பியில் உரசுகிற சத்தமும், டிரம்ஸ்காரர் மூச்சு வாங்குவதும் எனக்குக் கேட்டன.

ஐந்தாவது நிமிடத்தில் எல்லாம் திடீரென்று நின்றது. கூடம் முழுக்கக் கை தட்டியது. பேஸ்காரர் சிரித்துக்கொண்டு ஒரு விரலைக் காட்டினார்: முதற் பகுதி மட்டும்தான். மறுபடி தொடங்கி, மறுபடி நின்றது. இந்தத் தடவை பாதிப் பேர் கை தட்டினார்கள். மற்றப் பாதி அவர்களைப் பார்த்து உஷ் என்றது.

மூன்றாம் பகுதியில்தான் அது நடந்தது. இசை தணிந்து, பாடகர் தனியாகப் பாட வேண்டிய இடம். கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். இரண்டு வரி பாடினார், நின்றார். கீபோர்ட்காரர் அதே நாலு சுரத்தைத் திரும்ப வாசித்தார். பாடகர் கண்ணைத் திறந்தார். வரி மறந்துவிட்டது. முகத்தில் கண்டேன். கீபோர்ட்காரர் மூன்றாம் தடவை வாசித்தார். பாடகர் என் பக்கம் திரும்பினார். தாள்கள் என் மடியில் இருந்தன.

விரலை வைத்து வரியைத் தேடினேன், கண்டேன், மைக்கில் வாசித்தேன். ஆனால் பதற்றத்தில் நான் வாசித்தது பென்சிலால் எழுதிய தமிழை.

"நான் எழுதிவைத்த எண்களை எல்லாம், நண்டுகள் வாசித்துச் சிரித்தன."

படகுக்காரர் "ஆ!" என்று தொடையில் தட்டினார். அவசரமாக ஆங்கில வரியைச் சொன்னேன். பாடகர் அதைப் பிடித்துப் பாடினார். பாடி முடித்ததும் நிறுத்தி, கையால் என்னைக் காட்டினார். தலையை ஆட்டி, தொடர்ந்து வாசி என்றார். மற்ற மூவரும் அந்த நாலு சுரத்தையே சுற்றிச் சுற்றி வாசித்து எனக்காகக் காத்து நின்றார்கள்.

வாசித்தேன். நான் ஒரு வரி தமிழில், அவர் அதே வரியை ஆங்கிலத்தில். விட்டுப்போன வரி கிடைத்ததும் மிச்சம் அவருக்குத் தானாக வந்தது. முதல் இரண்டு வரிக்கு என் குரல் வகுப்பறைக் குரலாகத்தான் இருந்தது. பிறகு எங்கே நிறுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று டிரம்ஸ்காரர் தலையசைத்துக் காட்டத் தொடங்கினார். அதன்படி செய்தேன். கூடத்தில் ஒருத்தரும் அசையவில்லை. சேவையர் கிழவனாகித் திரும்பி வருகிறார், ராசா செத்துப்போய்விட்டார், ராசாவின் மகன் கேட்கிறார் கடல் எவ்வளவு என்று. 'பார்த்துக்கொண்டு நின்றேன், அளக்க மறந்துபோனேன்' என்ற வரியை நான் வாசித்தபோது முன் வரிசையில் யாரோ "சரிதானே" என்று மெல்லச் சொன்னது கேட்டது.

பிறகு நாலாவது, கடைசிப் பகுதி. நால்வரும் ஒன்றாக, கூரை அதிர வாசித்து நிறுத்தினார்கள்.

கை தட்டல் இல்லை. இரண்டு தடவை ஏமாந்த சனம், இந்தத் தடவை மரியாதையாகக் காத்திருந்தது. பாடகர் குனிந்து வணங்கினார். அப்போதும் அமைதி. டிரம்ஸ்காரர் தடிகளைக் கீழே வைத்தார். யாரோ இருமினார்கள். கடைசி வரிசையிலிருந்து என் கணவரின் குரல் வந்தது.

"இஞ்சாரும், முடிஞ்சுதோ எண்டு கேளும்."

கேட்டேன். பாடகர், "ஆம், முடிந்தது" என்றார்.

"முடிஞ்சுதாம்" என்றேன் மைக்கில்.

அப்போது எழுந்த கை தட்டலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. கதிரைகள் பின்னால் தள்ளுப்பட்டன. சமையலறையிலிருந்து தட்டுகளில் தட்டுகிற சத்தம் வந்தது. நால்வரும் தோளில் கை போட்டுக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தபடி நின்றார்கள்.

இன்னும் இரண்டு சின்னப் பாட்டு வாசித்தார்கள். பிறகு எல்லாருக்கும் தேத்தண்ணியும் மீன் றோலும் வந்தன. படகுக்காரர் பேஸ்காரருக்குக் கையை விரித்துப் பாகம் அளந்து காட்டிக்கொண்டிருந்தார். பாடகர் என்னிடம் வந்து அந்த மூன்று தாள்களைத் திருப்பிக் கேட்டார். ஆங்கிலத்துக்காக இல்லை, மேலே உள்ள பென்சில் எழுத்துக்காக. கொடுத்தேன். நண்டு வரியை எனக்குத் தமிழில் இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அவர் வாய்க்குள் 'நண்டு, நண்டு' என்று சொல்லிப் பார்த்தார்.

திரும்பிப் பார்த்தால் என் கணவரும் டிரம்ஸ்காரரும் ஒரு மூலையில் நின்றார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. ஆனால் டிரம்ஸ்காரர் தன் இடுப்புப் பட்டியைக் கழற்றி என் கணவரின் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் வாரும்" என்று கணவர் என்னைக் கூப்பிட்டார். "எனக்கும் இதே நாரிப்பிடிப்புத்தான் எண்டு சொல்லும். நெல் மூட்டை தூக்கி வந்தது எண்டு சொல்லும். நாளைக்கு வயலில அருவி வெட்டு, விருப்பமெண்டா வந்து பாக்கச் சொல்லும்."

சும்மா மரியாதைக்குச் சொன்னார் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு விடுதி வான் எங்கள் படலையில் வந்து நின்றது. நால்வரும் தொப்பி போட்டுக்கொண்டு இறங்கினார்கள். வெட்டு மெசின் அப்போதுதான் வயலுக்குள் இறங்கியிருந்தது. மூன்று பேர் வரம்பில் நின்று படம் எடுத்தார்கள். டிரம்ஸ்காரர் மட்டும் மெசினில் ஏற வேண்டும் என்றார். அவருடைய இடுப்பை யோசித்து நான் வேண்டாம் என்றேன். என் கணவர் அதை மொழிபெயர்க்க விடவில்லை. மெசின்காரர் அவரைக் கை பிடித்துத் தூக்கித் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

இரண்டு சுற்று போய் வந்தார். இறங்கும்போது தலை முதல் கால் வரை பதரும் தூசியுமாக, கழுத்தையும் முதுகையும் பிறாண்டிக்கொண்டு வந்தார். மற்ற மூவரும் வரம்பில் நின்று கை தட்டினார்கள். என் கணவர் அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சேட்டைக் கழற்றச் சொல்லி, குனிய வைத்து, முதல் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். கிழவர் 'ஊ!' என்று கத்தினார். கணவர் என்னைப் பார்த்தார்.

"போதுமோ எண்டு கேளும்."

கேட்டேன். தண்ணீர் வழிகிற முகத்தோடு அவர் வாளியைத் தொட்டு, நாலு விரலைக் காட்டினார்.