மீசையும் விரிசலும்

என் மாமாவுக்கு துறைமுகத்தில் வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் தன்னை ஓவியர் என்றே நம்பினார். வாட்ஸ்அப்பில் சேர்ந்த ஏழெட்டுப் பேரோடு தூத்துக்குடியின் பழைய கட்டடங்களைத் தேடிப் போய் வரைவார். எனக்கு ஒன்பது வயதானதும் படம் வரையும் நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த வாரம் கடலோரத்துப் பழைய கல்லூரி. கடலில் வெட்டி எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. உப்புக்காற்று தின்றது போக மிச்சம் நின்றதே கம்பீரமாகத்தான் இருந்தது. வாட்ச்மேன் அண்ணாச்சி வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஆள் இல்லாத கட்டடப் படம் உப்பில்லாப் பண்டம் என்பது மாமாவின் கட்சி.

"அண்ணாச்சி, நாற்காலிய அந்த வாசல் வளைவுக்குக் கீழ போட்டு உக்காருங்க. படம் எடுப்பா இருக்கும்" என்றார்.

அண்ணாச்சி தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மீசையை விட்டுவிடக் கூடாது என்று என்னிடம் தனியாகக் கேட்டுக்கொண்டார். மீசையை வரைந்தேன். அவர் தலைக்கு மேலே வளைவில் ஓடிய விரிசலையும் வரைந்தேன். உண்மையில் விரிசல்தான் எனக்கு நன்றாக வந்தது. மாமா எட்டிப் பார்த்தார்.

"கட்டடம் பழசுன்னு எல்லாருக்குந்தான் தெரியும். அத படத்துலயும் காட்டணுமாக்கும்? ஏளா, அழிச்சிரு."

தாள் தேயத் தேய அழித்தேன். வளைவுக்குக் கீழே காற்று நன்றாக வருகிறது என்று அண்ணாச்சி நாற்காலியை அங்கேயே போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம், மழை அடித்து ஓய்ந்த ஒரு மத்தியானத்தில் வளைவு விழுந்தது. அண்ணாச்சி நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வேலையே இருக்கவில்லை. சேதி வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமா சோறு பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாலைந்து நாள் கழித்து அண்ணாச்சியின் மகன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பதினாறாம் நாளுக்கு வைக்க, மாமா வரைந்த அப்பா படம் வேண்டும் என்றார். மாமா தன் படத்தைக் கொடுத்தார். அதைப் பார்த்தபடியே மகன் மெதுவாகச் சொன்னார்:

"அப்பா எப்பவும் வேப்பமரத்தடியிலதான் இருப்பாவ. அங்கன எதுக்குப் போனாவன்னுதான் தெரியல."

மாமா பதில் தெரியாமல்தான் முழிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஓடிப்போய் என் நோட்டை எடுத்து வந்தேன்.

"மாமாதான் அங்கன உக்காரச் சொன்னாங்க. விரிசலயும் நான் வரஞ்சிருந்தேன், மாமாதான் அழிக்கச் சொன்னாங்க."

அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். அதற்குள் எல்லாம் சொல்லி முடித்திருந்தேன். அண்ணாச்சி மகன் நோட்டை வெளிச்சத்தில் சாய்த்தார். அழித்த இடத்தில் பென்சில் அழுந்திய தடம் இருந்தது. அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு அந்தத் தாளை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். மாமாவின் படம் மேசையிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு மாமா பென்சிலைத் தொடவில்லை. என் படத்தைத் தேர்ந்தெடுத்ததில் அவருக்குப் பொறாமை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.