அளவு மாமாவின் நொண்டிக் கட்டம்

முட்டி போட்டு உட்கார்ந்து, வாயில் சாக்பீஸைக் கவ்விக்கொண்டு, கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பை உருவித் தரையில் வைத்து, "பதினாலரை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். சுற்றிலும் பதினொரு பிள்ளைகள். அதில் மூன்று பேர் இப்போதே ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். "சும்மா கோட்டைப் போடுங்க மாமா, பொழுது போயிடும்" என்று ஒரு சின்னப் பெண் கெஞ்சுகிறாள். "பொறு கண்ணு. கட்டம் கோணலா இருந்தா காலும் கோணலாத்தான் விழும்" என்கிறார். எட்டுக் கட்டம் போட்டு முடிக்க அரை மணி நேரம் ஆகும். அதற்குள் அந்த மூன்று பேரும் கால் வலித்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இவர் தெருமுனைத் தையல் கடைக்காரர். வயது நாற்பத்தாறு. ஆறு நாளும் தையல் மெஷின் முன்னால் குனிந்து கிடப்பவர், ஏழாம் நாள் குடியிருப்பின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவே இருக்கும் சிமெண்ட் தரையில் குனிகிறார். இதற்குப் பெயர் ஓய்வு என்று வேறு சொல்லிக்கொள்கிறார். யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் இடுப்பைத்தான் பார்ப்பார். கயிறு இழுக்கும் போட்டிக்கு ஆள் பிரிப்பதும் இடுப்புச் சுற்றளவை வைத்துத்தான். பிள்ளைகளுக்கு அவர் அளவு மாமா. பெரியவர்களுக்கு வெறும் டெய்லர்.

ஆரம்ப நாட்களில் அவர் போட்ட நொண்டிக் கட்டத்தை இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். எல்லாக் கோடும் இரட்டைக் கோடு. எதை மிதித்தால் அவுட் என்று பிள்ளைகள் கேட்டதற்கு, "வெளிக்கோடு வெட்டுறதுக்கு, உள்கோடு தைக்கிறதுக்கு" என்று விளக்கம் கொடுத்தார். துணி வெட்டும்போது தையலுக்கு அரை இஞ்ச் விடுகிற கை, தரையிலும் விட்டிருக்கிறது. மேல்வீட்டு ஃபிரிட்ஜ் மெக்கானிக் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டு, "எல்லாம் சரி டெய்லர், இதுக்குக் கழுத்து எங்க வெட்டுவீங்க?" என்றார். இந்தக் கதையை மற்றவர்களைவிட அதிகமாகப் பரப்பியது டெய்லரேதான். "பழக்க தோஷம். நல்லவேளை, பட்டனுக்குக் காஜா எடுக்கல" என்று முடிப்பார்.

இதெல்லாம் ஆரம்பித்தது ஊருக்குச் சேவை செய்ய வேண்டும் என்றல்ல. அவர் மனைவி பேக்கரியில் மாவு பிசைபவர். வாரத்தில் ஆறு நாள் கோழிக்கு முன்னால் எழுந்து போகிறவருக்கு ஞாயிறு மத்தியானத் தூக்கம் ஒன்றுதான் மிச்சம். "என்னங்க, ரெண்டு மணி நேரம். வீட்டுல சத்தமே கேக்கக் கூடாது. உங்க சத்தத்தையும் சேத்துத்தான் சொல்றேன்" என்று ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டார். பத்து வயது மகளோடு வெளியே நின்ற டெய்லருக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. பூங்கா, சினிமா என்று கிளம்பக் கையிருப்பு இடம் கொடுக்காது. சட்டைப் பையைத் துழாவினார். துணியில் குறி போடுகிற சாக்பீஸ் ஒன்று இருந்தது. அன்றைக்கு இரண்டு பேர் ஆடினார்கள். இப்போது பெற்றவர்களையும் சேர்த்து இருபது பேர் வருகிறார்கள்.

விளையாட்டுச் சாமான் எல்லாம் கடைக் குப்பைதான். வெட்டுத் துண்டுகளை அடைத்துத் தைத்த பந்து. தீர்ந்துபோன நூல்கண்டுகளை வரிசையாக நிறுத்தி அந்தப் பந்தால் அடித்து வீழ்த்துவது ஓர் ஆட்டம். கிழித்த துணிகளை முறுக்கிப் பின்னியது கயிறு. அந்தக் கயிறு முதல் இழுப்பிலேயே அறுந்து, இரண்டு பக்கமும் பெரியவர்கள் மல்லாக்க விழுந்தார்கள். டெய்லர் கொஞ்சமும் அசரவில்லை. "நாளைக்கு வாங்க, ரெடியா இருக்கும்" என்றார். எத்தனை வருஷமாகச் சொல்லி வருகிற வசனம்.

அவர் ஆடுவதைப் பார்க்க வேண்டுமே. ஓடிப்பிடிக்கும் ஆட்டத்தில் அவரைத் துரத்துகிறவன் பாதியில் பரிதாபப்பட்டு நின்றுவிடுவான். "ஸ்கூல்ல நான் ஒப்புக்குச் சப்பாணி. என்னை வச்சு ரெண்டு டீமும் சண்டை போடும். 'நீ வச்சுக்கோ, நீ வச்சுக்கோ'ன்னு" என்பார். நொண்டியில் மூன்றாம் கட்டத்தைத் தாண்டியதில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் கூடத்தையே டேப் வச்சு நேரா அளந்துட்டேன். இப்ப சொல்லிக்க அந்தச் சாக்கும் இல்ல." அதனால் அவராகவே அம்பயர் ஆகிவிட்டார். கால் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று சொல்ல அவரைவிட்டால் ஆள் கிடையாது. முப்பது வருஷம் ஊசிக் காதைப் பார்த்துத் தேறிய கண்.

அந்தக் கண்தான் வம்பை இழுத்து வந்தது. சில மாதங்களுக்கு முன் மகள் தொடர்ந்து மூன்று வாரம் நொண்டியில் ஜெயித்தாள். மெக்கானிக் சிரித்துக்கொண்டே, "அப்பா அம்பயர். பொண்ணு ஜெயிக்காம என்ன பண்ணும்?" என்றார். விளையாட்டாகச் சொன்ன சொல். டெய்லருக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மூடப் பார்த்தார் இவர். அன்று முதல் மற்றப் பிள்ளைகள் முழுப் பாதத்தையும் கோட்டில் வைத்தால், "பரவால்ல, காத்து தள்ளிடுச்சு, ஆடு" என்பார். மகளுடைய முறை வந்தால் மட்டும் தரையோடு தரையாகக் குனிந்துவிடுவார்.

பிறகு பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து நொண்டி ஆடுகிற குடும்பப் போட்டி வந்தது. ஜெயிக்கிறவர்தான் அடுத்த வாரம் என்ன ஆட்டம் என்று முடிவு செய்யலாம். அதற்காக மகள் ஒரு வாரம் ஒற்றைக் காலிலேயே வாழ்ந்தாள். பல் விளக்கியதுகூட ஒற்றைக் காலில் நின்றுதான். ஏழு கட்டமும் தாண்டி எட்டாவதில் இறங்கினாள். அவள் குதிகாலுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு நூல் போகிற இடைவெளி இருந்தது. டெய்லர் அதைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பார்த்துக்கொண்டே, "அவுட்" என்றார்.

மகள் காலைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "எனக்கு மட்டும் உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுப்பா" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறும் அவள் ஆட வரவில்லை. மாடிப்படியில் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். வீட்டிலும் கேட்டதற்கு மட்டும்தான் பதில். ஒரு சாயங்காலம் பள்ளிச் சீருடைப் பாவாடையைக் கொண்டுபோய், "அம்மா, இதை ரெண்டு இஞ்ச் இறக்கித் தைச்சுத் தாங்க" என்றாள். அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. தையல்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செருப்பால் அடித்திருந்தால்கூடச் சகித்திருப்பார். மிச்சம் கிடந்த வெல்வெட்டில் ஒரு பந்து தைத்து, சத்தமில்லாமல் அவள் புத்தகப் பையின் மேல் வைத்தார். மறுநாள் அது மெஷின் மேல் இருந்தது.

மனைவிதான் கடைசியில் வாயைத் திறந்தார். "உங்க பேரு கெடக் கூடாதுன்னு அவ ஆட்டத்தைக் கெடுத்துட்டீங்க. போய்ச் சொல்லுங்க."

"என்னன்னு?"

"பொய் சொன்னேன்னு."

"சரி, இப்பவே கூப்பிட்டுச் சொல்லிடறேன்."

"வீட்டுக்குள்ளயா? அவுட்டுன்னு எல்லார் முன்னாலயும்தானே சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு மனைவி திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போன ஞாயிறு வழக்கம்போல் முட்டி போட்டார். எட்டாவது கட்டத்தை அளக்கும்போது டேப் இரண்டு தரம் கையிலிருந்து நழுவியது. எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "எல்லாரும் ஒரு நிமிஷம்" என்றார். ஏதோ வேடிக்கை வரப் போகிறது என்று பிள்ளைகள் கூடினார்கள். அவரும் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். "இந்த அம்பயருக்குக் கண்ணாடி போடணும்னு" என்று தொடங்கியவர், நிறுத்தினார். படியில் மகள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கியிருந்தாள்.

"கண்ணுல ஒண்ணுமில்ல" என்றார். "அன்னிக்கு என் பொண்ணு அவுட் இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

"ஏன் டெய்லர்?" என்றார் மெக்கானிக்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க. நாலு பேரு என்ன நினைப்பாங்கன்னு பயந்துட்டேன். அவ ஒரு வாரம் பழகிட்டு வந்தா. நான் ஒரே வார்த்தையில முடிச்சுட்டேன்."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். எதற்கெடுத்தாலும் டெய்லரைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டம் சிரிக்கவில்லை. டெய்லர் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றார். மகள் என்ன நினைக்கிறாள் என்று நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது.

படியில் நோட்டை மூடுகிற சத்தம் கேட்டது. மகள் இறங்கி வந்தாள். செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தாள். அவரைப் பார்க்காமல், "எட்டாவதுலேருந்துதான் ஆடுவேன்" என்றாள்.

"சரிம்மா" என்று இரண்டு அடி தள்ளி நின்றார்.

அவள் ஏழாவதில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டு தாவினாள். கால் எட்டாவதில் விழுந்தது. உடம்பு ஆடியது, கைகள் காற்றில் துழாவின, ஆனால் தூக்கிய கால் கீழே வரவில்லை. குதிகால் மட்டும் கோட்டை ஒட்டி வந்து நின்றது. மிகவும் ஒட்டி. பிள்ளைகள் எல்லாம் தரையில் கவிழ்ந்து பார்த்தார்கள். தொட்டது என்றது ஒரு குரல். தொடவே இல்லை என்றது இன்னொன்று. பிறகு அத்தனை தலைகளும் ஒன்றாக டெய்லர் பக்கம் நிமிர்ந்தன. ஒற்றைக் காலில் தள்ளாடிக்கொண்டே மகளும் அவரைப் பார்த்தாள்.

"சொல்லுங்க டெய்லர்" என்றார் மெக்கானிக்.

டெய்லர் தரையைப் பார்க்கவில்லை. "இனிமே அவ காலுக்கு அவதான் அம்பயர்" என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பி, சுவரில் நெற்றியை வைத்து, இரண்டு கைகளாலும் கண்களை இறுகப் பொத்திக்கொண்டார்.